அயல்நாட்டுப் படை மக்களாட்சியைக் கொண்டுவருமா? அரபு நாடுகளின் அனுபவம்

2005 ஜனவரி 30ஆம் தேதி ஈராக்கில் தேர்தல் நடந்தது. வாக்களிக்க வருவோரைக் கொல்வோம் என்று ஆயுதக் குழுக்கள் மிரட்டியிருந்தன. சொன்னபடியே பல இடங்களில் குண்டுகளும் வெடித்தன. அப்படியும் சுமார் 58 சதவீத வாக்காளர்கள் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். ஊதா மை தோய்ந்த விரலை உயர்த்திக் காட்டிய ஈராக்கியரின் படங்கள் உலகப் பத்திரிகைகளில் வெளியாயின. அதற்கு இரண்டேகால் ஆண்டுகளுக்கு முன்புதான், 2002 அக்டோபரில், சதாம் உசேன் ஒரு வாக்கெடுப்பு நடத்தி, நூற்றுக்கு நூறு வாக்கும் தனக்கே விழுந்ததாக அறிவித்திருந்தார்.

இந்த இரண்டு நாட்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் எவருக்கும் ஒரு முடிவு சட்டென்று தோன்றிவிடும். அமெரிக்கப் படை வந்தது, சர்வாதிகாரி போனார், வாக்குப்பெட்டி வந்தது. அப்படியானால் மற்ற அரபு நாடுகளிலும் இதையே செய்தால் என்ன? ஒரு கொடுங்கோலர் தன் மக்களையே சுட்டுத்தள்ளும் செய்தியைப் படிக்கும்போதெல்லாம், வெளியிலிருந்து யாராவது போய் இவரை இறக்க மாட்டார்களா என்ற ஏக்கம் நமக்கு எழுகிறது. அந்த ஏக்கத்தில் தவறில்லை. ஆனால் அரபு நாடுகளின் நூறாண்டு வரலாற்றைப் பார்த்தால், படையால் ஆட்சியாளரை இறக்க முடிந்திருக்கிறதே தவிர, அடுத்து வருபவரை மக்களுக்குப் பதில் சொல்ல வைக்க முடிந்ததில்லை. பல இடங்களில் அந்த வேலையை அது முன்பைவிடக் கடினமாக்கியிருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

எதைத் தலையீடு என்கிறோம்?

ராணுவத் தலையீடு என்றதும் 2003இல் ஈராக்கில் நடந்ததுபோன்ற முழுப் படையெடுப்பே நினைவுக்கு வருகிறது. வானிலிருந்து மட்டும் குண்டு வீசுவது, எதிரி விமானங்கள் பறக்கத் தடை விதிப்பது, கிளர்ச்சியாளர்களுக்கு ஆயுதமும் பயிற்சியும் கொடுப்பது, எல்லாமே தலையீடுதான். ஆட்டம் காணும் ஒரு மன்னரைக் காப்பாற்ற அண்டை நாடு படை அனுப்புவதும் தலையீடே. இந்தக் கடைசி வகையைப் பெரும்பாலான விவாதங்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. அதனால்தான் விவாதம் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடுகிறது.

மக்களாட்சி மாற்றத்தையும் ஒரு தேர்தலோடு முடித்துவிடக் கூடாது. தோற்ற ஆட்சியாளர் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டும்; அடுத்தவர் தோற்றால் அவரும் போக வேண்டும். துப்பாக்கி வைத்திருப்பவர்கள் வாக்குப்பெட்டியின் தீர்ப்புக்குக் கட்டுப்பட வேண்டும். அரசைத் திட்டி எழுதியவர் இரவு நிம்மதியாகத் தூங்க வேண்டும். முதல் தேர்தலை நடத்துவது எளிது. மற்றவை எல்லாம் கடினம்.

ஈராக்: தேர்தலை யார் பெற்றுத் தந்தது?

இப்போது அந்த 2005 தேர்தலுக்கே திரும்புவோம். அதை அமெரிக்கா கொடுத்த பரிசாகச் சொல்பவர்கள் அதற்கு முந்தைய ஒன்றரை ஆண்டுக் கதையை விட்டுவிடுகிறார்கள்.

2003 ஏப்ரல் 9ஆம் தேதி பாக்தாத் வீழ்ந்தது. மே மாதம் அமெரிக்காவின் ஆட்சியராக வந்திறங்கிய பால் பிரெமரின் திட்டத்தில் உடனடிப் பொதுத்தேர்தல் இடம்பெறவில்லை. தேர்ந்தெடுத்து நியமிக்கப்பட்ட ஈராக்கியர்களைக் கொண்டு புதிய அரசமைப்பை எழுத வேண்டும் என்பதே தொடக்க எண்ணம். அதற்கு எதிராக நஜஃப் நகரத்தின் ஒரு சந்து வீட்டில் வாழ்ந்துவந்த முதிய ஷியா மதகுரு அலி சிஸ்தானி, 2003 ஜூன் இறுதியில் ஒரு ஃபத்வா, அதாவது மதத் தீர்ப்பு, வெளியிட்டார். அரசமைப்பை எழுதுவோரை நியமிக்க ஆக்கிரமிப்புப் படைக்கு எந்த அதிகாரமும் இல்லை. ஈராக்கியர்கள் தங்கள் பிரதிநிதிகளைத் தாங்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். எழுதி முடித்த அரசமைப்பை மறுபடி மக்கள் முன் வாக்கெடுப்புக்கு வைக்க வேண்டும். இதுதான் அதன் சாரம்.

பிரெமர் பல தூதர்களை அனுப்பிப் பேசிப் பார்த்தார். சிஸ்தானி அவரைச் சந்திக்கவே இல்லை. அந்த ஆண்டு நவம்பரில், மாகாணங்களில் பொறுக்கியெடுத்த குழுக்களைக் கூட்டி அவற்றின் மூலம் ஓர் அவையை அமைக்கலாம் என்று அமெரிக்கர்கள் மாற்றுத் திட்டம் கொண்டுவந்தார்கள். 2004 ஜனவரியில் பஸ்ராவிலும் பாக்தாதிலும் மக்கள் பெருந்திரளாகத் தெருவில் இறங்கி, எங்களுக்கு நேரடித் தேர்தல் வேண்டும் என்று முழங்கினார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லை, வாக்காளர் பட்டியல் இல்லை, எப்படித் தேர்தல் நடத்துவது என்று அமெரிக்கத் தரப்பு கேட்டது. அதற்கும் ஈராக்கியர்களிடம் விடை இருந்தது: ரேஷன் அட்டை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின் காலத்திலிருந்து ஏறக்குறைய ஒவ்வொரு குடும்பமும் அரசு தரும் மாவையும் அரிசியையும் நம்பித்தான் வாழ்ந்தது. அதனால் குடும்பங்களின் பெயர்ப் பட்டியல் கைவசம் இருந்தது. கடைசியில் 2005 தேர்தலின் வாக்காளர் பட்டியல் அந்த ரேஷன் பதிவேட்டை அடிப்படையாகக் கொண்டுதான் தயாரானது.

ஆக, சதாமை இறக்கியது அமெரிக்கப் படை. அந்தப் படையிடமே போராடி ஈராக்கியர்கள் பெற்றதுதான் வாக்குரிமை. இந்த வேறுபாடு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மக்களாட்சியின் உயிர் அந்த ஊர்வலங்களில் இருந்தது, பீரங்கி வண்டிகளில் இல்லை.

படை என்ன விட்டுச்சென்றது என்பதையும் பார்க்க வேண்டும். பிரெமர் வந்த வேகத்தில் இரண்டு ஆணைகள் பிறப்பித்தார். மே 16ஆம் தேதியிட்ட முதல் ஆணை, சதாமின் பாத் கட்சியின் மேல்நிலை உறுப்பினர்கள் அனைவரையும் அரசுப் பதவிகளிலிருந்து நீக்கியது. அந்தக் கட்சியில் சேராமல் தலைமை ஆசிரியராகவோ மருத்துவமனை நிர்வாகியாகவோ உயர்வது சதாம் காலத்தில் கடினம் என்பதால், கொடியவர்களோடு சேர்ந்து பிழைப்புக்காகச் சேர்ந்தவர்களும் வேலையிழந்தார்கள். மே 23ஆம் தேதியிட்ட இரண்டாவது ஆணை ராணுவத்தையே கலைத்தது. ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கான ஆண்கள் ஒரே நாளில் சம்பளமும் மரியாதையும் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஜூன் மாதம் பாக்தாதில் சம்பளம் கேட்டு முன்னாள் வீரர்கள் ஆர்ப்பாட்டம் செய்தபோது அமெரிக்கப் படையினர் சுட்டதில் இருவர் இறந்தார்கள். பின்னாளில் 2014இல் மோசுல் நகரைப் பிடித்த இஸ்லாமிய அரசு (ஐ.எஸ்.) என்ற தீவிரவாத அமைப்பின் தளபதிகளில் சதாம் ராணுவத்தின் பழைய அதிகாரிகள் பலர் இருந்தார்கள்.

அடுத்தது ஒதுக்கீட்டு அரசியல். 2003 ஜூலையில் அமைத்த ஆட்சிக் குழுவில் 25 பேர். ஷியாக்கள் 13, சுன்னி அரபுகள் 5, குர்துகள் 5, துருக்மேனியர் ஒருவர், அசீரியக் கிறிஸ்தவர் ஒருவர் என்று பங்கு பிரித்தார்கள். எல்லோருக்கும் இடம் கொடுப்பது நல்லதுதானே என்று முதல் பார்வையில் தோன்றும். நடைமுறையில் என்ன ஆனதென்றால், ஒவ்வொரு அமைச்சகமும் ஒரு கட்சியின் சொத்தாகிவிட்டது. வேலைவாய்ப்பும் ஒப்பந்தமும் அந்தக் கட்சிக்காரர்களுக்கே போயின. ஈராக்கியர்கள் இந்த முறையை ‘முஹாஸஸா’ என்று வெறுப்போடு சொல்கிறார்கள். நாடு கடந்து வாழ்ந்து 2003க்குப் பின் திரும்பிவந்த தலைவர்கள் பலருக்கு உள்ளூரில் வேர் இல்லை. தங்கள் இனத்தின், பிரிவின் பெயரைச் சொல்வதுதான் அவர்களுக்கு இருந்த ஒரே முதலீடு.

இதன் விளைவை 2010 தேர்தலில் நேரடியாகக் காணலாம். 325 இடங்களில் அயாத் அல்லாவியின் அணிக்கு 91, பதவியிலிருந்த பிரதமர் நூரி அல் மாலிகியின் அணிக்கு 89. அதிக இடம் பெற்றவர் ஆட்சியமைக்க முயல்வார் என்றே வாக்காளர்கள் எதிர்பார்த்தார்கள். தேர்தலுக்குப் பிறகு கூட்டுச் சேர்ந்து பெரிதாகும் அணியும் ஆட்சியமைக்க அழைக்க வேண்டிய ‘பெரிய அணி’யே என்று நீதிமன்றம் விளக்கம் சொன்னது. ஒன்பது மாத இழுபறியில் ஈரான் மாலிகிக்காகக் காய் நகர்த்தியது. அமெரிக்காவும் இறுதியில் அவரையே ஏற்றது. மாலிகி தொடர்ந்தார். சுன்னிப் பகுதிகளில் அல்லாவி அணிக்கு வாக்களித்த மக்கள் இதிலிருந்து என்ன பாடம் கற்றிருப்பார்கள்?

2019 அக்டோபரில் பாக்தாதின் தஹ்ரீர் சதுக்கத்தில் இளைஞர்கள் திரண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஷியாக்கள்; எதிர்த்ததோ ஷியாக்களின் பெயரால் ஆளும் கட்சிகளை. அவர்களது முழக்கம், ‘எங்களுக்கு ஒரு தாய்நாடு வேண்டும்’. காயம்பட்டவர்களை மூன்று சக்கர ஆட்டோ ஓட்டும் ஏழைப் பையன்கள் புகைக்குள் புகுந்து ஏற்றிச் சென்றார்கள். சில மாதங்களில் சுமார் 600 பேர் கொல்லப்பட்டார்கள். பிரதமர் ஆதில் அப்துல் மஹ்தி பதவி விலகினார், தேர்தல் சட்டம் மாறியது, முன்கூட்டியே தேர்தல் நடந்தது. ஈராக்கின் மக்களாட்சிக்காக உயிர் கொடுத்தவர்கள் யார் என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இவர்களைத்தான். படையெடுப்பு அமைத்துக் கொடுத்த ஏற்பாட்டை எதிர்த்தே அவர்கள் உயிர் கொடுத்தார்கள்.

சதாம் இருந்திருந்தால் அந்தச் சதுக்கத்தில் பத்துப் பேர்கூட நின்றிருக்க முடியாதே என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். 2003க்குப் பிறகு ஈராக்கில் பிரதமர்கள் தேர்தல் வழியாக மாறியிருக்கிறார்கள், பத்திரிகைகள் முளைத்தன. ஆனால் அதற்குக் கொடுத்த விலையில் 2006, 2007 ஆண்டுகளின் சுன்னி-ஷியா படுகொலைகளும் ஐ.எஸ். காலமும் அடங்கும். அந்த விலையைக் கொடுத்தவர்கள் முடிவெடுத்தவர்கள் இல்லை.

லிபியா: நாட்டைப் பிடிக்கத் தரைப்படை அனுப்பாத போர்

ஈராக்கில் நாட்டைப் பிடித்து ஆண்டதுதான் தவறு, அதைத் தவிர்த்தால் நல்லபடியாக முடியும் என்று நினைத்தவர்களுக்கு லிபியா பதில் சொன்னது. 2011 பிப்ரவரியில் பெங்காசியில் எழுச்சி தொடங்கியது. நாட்டை ஆண்ட சர்வாதிகாரி கடாஃபியின் படைகள் அந்நகரை நெருங்கியபோது, மார்ச் 17ஆம் தேதி ஐ.நா. பாதுகாப்பு அவை 1973ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. பத்து நாடுகள் ஆதரித்தன. இந்தியா, சீனா, ரஷ்யா, பிரேசில், ஜெர்மனி ஆகிய ஐந்தும் வாக்களிக்காமல் விலகி நின்றன. பொதுமக்களைக் காப்பதுதான் தீர்மானத்தின் நோக்கம். போகப்போக நேட்டோவின் வான்தாக்குதல் ஆட்சிக் கவிழ்ப்புக்கான போராகவே மாறியது. அக்டோபர் 20ஆம் தேதி கடாஃபி கொல்லப்பட்டார். அந்த மாதத்தோடு நேட்டோ தன் வேலையை முடித்துக்கொண்டது.

2012 ஜூலை 7ஆம் தேதி நடந்த தேர்தல் நம்பிக்கையூட்டியது. பதிவு செய்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் மகிழ்ச்சியோடு வாக்களித்தார்கள். அப்போது ‘லிபியா வென்றது’ என்று எழுதியவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. ஆயுதங்கள் எல்லாம் ஊர் ஊராக எழுந்த போராளிக் குழுக்களின் கையில் இருந்தன. புதிய அரசு அவர்களை அடக்க வழியில்லாமல் சம்பளம் கொடுத்தது. சம்பளம் கிடைக்கிறது என்றதும், உண்மையில் போரிட்டவர்களைப்போலப் பல மடங்கு பேர் போராளிகளாகப் பெயர் பதிந்துகொண்டார்கள்.

2013 மே மாதம் ஆயுதக் குழுக்கள் அமைச்சகங்களைச் சூழ்ந்துகொண்டு நிற்க, நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. கடாஃபி ஆட்சியில் எந்தக் காலத்தில் முக்கியப் பதவி வகித்திருந்தாலும் இனி பொதுப் பதவி கிடையாது. அந்த நாடாளுமன்றத்தின் தலைவர் முகமது மகரியாஃப் 1980 வரை இந்தியாவுக்கான லிபியத் தூதராக இருந்தவர். அந்த ஆண்டே கடாஃபியை விட்டு விலகி, முப்பது ஆண்டுகள் நாடு கடந்து வாழ்ந்து எதிர்ப்பியக்கம் நடத்தியவர். அந்தப் பழைய தூதர் பதவிக்காக அவரும் விலக நேர்ந்தது. அக்டோபரில் பிரதமர் அலி ஸெய்தானையே ஆயுதம் ஏந்தியவர்கள் ஹோட்டலிலிருந்து இழுத்துச் சென்று சில மணி நேரம் பிடித்துவைத்தார்கள். 2014இல் நாடு இரண்டு அரசுகளாகப் பிளந்தது. கிழக்கே படைத்தலைவர் ஹஃப்தருக்கு எகிப்து, ஐக்கிய அமீரகம், ரஷ்யா ஆதரவு. மேற்கே திரிபோலி அரசுக்குத் துருக்கி ஆதரவு. 2021 டிசம்பர் 24ஆம் தேதிக்கு அறிவித்த அதிபர் தேர்தல் நடக்கவே இல்லை.

பெங்காசியைக் காத்தது தவறா? ஒரு நகரத்து மக்களைப் படுகொலையிலிருந்து காப்பது என்பது தனிக் கேள்வி. அதற்கு ஆம் என்று சொல்பவர்களை என்னால் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் உயிர் காப்பதும் ஆட்சி அமைப்பதும் வெவ்வேறு வேலைகள். முதலாவதற்கு விமானம் போதும். இரண்டாவதற்கு, தோற்றாலும் தலை தப்பும் என்ற நம்பிக்கை எதிரெதிர்த் தரப்புகளுக்கு இடையே வேண்டும். அதை வானிலிருந்து போட முடியாது.

ஆட்சியாளர் யாரை நம்பி உட்கார்ந்திருக்கிறார்?

இந்தத் தோல்விகளுக்குப் பின்னால் உள்ள காரணம் எளிமையானது. மக்களின் வாக்கையும் வரியையும் நம்பி நாற்காலியில் இருப்பவர் மக்களுக்குப் பயப்படுவார். வெளிநாட்டுப் படையை நம்பி இருப்பவர் அந்த நாட்டுக்குப் பயப்படுவார். அவர் நல்லவராக இருந்தாலும் இது மாறாது.

1942 பிப்ரவரி 4ஆம் தேதி கெய்ரோவில் நடந்ததைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. எகிப்தில் நேர்மையாகத் தேர்தல் நடந்த போதெல்லாம் வென்றது வஃப்து கட்சி. மன்னர் ஃபாரூக் அதை ஆட்சியில் அமர்த்த மறுத்தார். உலகப் போர் உச்சத்தில் இருந்ததால் பிரிட்டனுக்கு மக்கள் ஆதரவுள்ள ஓர் அரசு தேவைப்பட்டது. பிரிட்டிஷ் பீரங்கி வண்டிகள் அப்தீன் அரண்மனையைச் சூழ்ந்தன. தூதர் மைல்ஸ் லாம்ப்சன் தயார் செய்துவைத்த பதவி விலகல் பத்திரத்தோடு உள்ளே போனார். மன்னர் பணிந்தார், வஃப்து தலைவர் நஹ்ஹாஸ் பிரதமரானார். கணக்குப்படி பார்த்தால் மக்களின் கட்சி ஆட்சிக்கு வந்தது. நடந்தது நேர்மாறு. அந்நியர் பீரங்கியில் ஏறி வந்த கட்சி என்ற பழி வஃப்தை விட்டு நீங்கவே இல்லை. அந்த அவமானம் எகிப்திய ராணுவத்தின் இளம் அதிகாரிகள் மனதில் ஆறாமல் கிடந்தது. 1952இல் அவர்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். அடுத்த ஜனவரியில் கட்சிகள் அனைத்தையும் கலைத்தார்கள்.

அரபு மக்கள் தாங்களே அமைக்க முயன்ற அரசுகளை அந்நியப் படைகள் நசுக்கிய கதைகளும் உண்டு. 1920இல் டமாஸ்கஸில் கூடிய சிரிய காங்கிரஸ், மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டி ஓர் அரசமைப்பை எழுதிக்கொண்டிருந்தது. ஜூலை 24ஆம் தேதி மைசலூனில் பிரெஞ்சுப் படை அந்த அரசை முடித்துவைத்தது. இதையெல்லாம் அந்த மக்கள் மறக்கவில்லை. குவைத்தைப் பிடித்த ஈராக் படையை அமெரிக்கக் கூட்டணி விரட்டிய 1991 போரின்போது, ஈராக்கியர்களே சதாமை அகற்றட்டும் என்று அமெரிக்க அதிபர் வெளிப்படையாகச் சொல்ல, தெற்கே ஷியாக்களும் வடக்கே குர்துகளும் எழுந்தார்கள். போர்நிறுத்த ஏற்பாட்டில் பறக்க அனுமதி பெற்ற ஹெலிகாப்டர்களைக் கொண்டே சதாம் அவர்களைக் கொன்றார். பக்கத்திலேயே இருந்த அமெரிக்கப் படை அசையவில்லை.

பஹ்ரைனில் நடந்தது இன்னும் தெளிவானது. 2011 பிப்ரவரியில் மனாமாவின் முத்துச் சதுக்கத்தில் மக்கள் அரசியல் சீர்திருத்தம் கேட்டுக் கூடினார்கள். மார்ச் 14ஆம் தேதி கடல் பாலத்தைக் கடந்து சவூதிப் படைகளும் அமீரகக் காவலர்களும் வந்தார்கள். நான்கே நாளில், மார்ச் 18ஆம் தேதி, சதுக்கத்தின் நடுவே நின்ற முத்துச் சின்னத்தையே இடித்துத் தள்ளிவிட்டார்கள். அமெரிக்கக் கடற்படையின் ஐந்தாம் படைப்பிரிவு அதே நகரில்தான் முகாமிட்டிருக்கிறது. லிபியாவுக்கு விமானம் அனுப்ப ஐ.நா. தீர்மானம் நிறைவேறிய அதே வாரத்தில் இது நடந்தது.

ஜெர்மனியிலும் ஜப்பானிலும் சாத்தியப்பட்டதே?

இரண்டாம் உலகப் போரில் தோற்ற இந்த நாடுகளில் அந்நியப் படைகளின் ஆக்கிரமிப்புக்குப் பின் மக்களாட்சி வேரூன்றியது என்பதால், இந்தக் கேள்வி கட்டாயம் வரும். 2003 போருக்கு முன் அமெரிக்க அதிபர் புஷ்ஷே இந்த இரண்டு நாடுகளைத்தான் சுட்டிக்காட்டினார். இரண்டுக்கும் சொந்தமான நாடாளுமன்ற அனுபவம் முன்பே இருந்தது. ஜப்பானில் 1890 முதலே நாடாளுமன்றம் கூடியது. அங்கே அமெரிக்கர்கள் அரசு அலுவலர்களில் பெரும்பாலோரை வைத்துக்கொண்டே ஆட்சி நடத்தினார்கள். ஈராக்கில் அலுவலர்களையும் ராணுவத்தையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஆளப் பார்த்தார்கள்.

அரபு உலகில் இதற்கு ஓரளவு அருகில் வருவது குவைத். 1991இல் கூட்டணிப் படைகள் ஈராக்கை விரட்டின. 1992 அக்டோபரில், ஆறு ஆண்டுகளுக்கு முன் கலைத்த நாடாளுமன்றத்துக்குத் தேர்தல் நடந்தது. ஆனால் குவைத்துக்கு 1962ஆம் ஆண்டு அரசமைப்பு ஏற்கனவே இருந்தது; கலைத்த அவையைத் திரும்பக் கேட்டு, ஈராக் படையெடுப்பதற்கு முன்பிருந்தே மக்கள் போராடிவந்தார்கள். வெளிநாட்டுப் படை மீட்டது நிலத்தை. அவையை மீட்டவர்கள் குவைத்தியர்கள். 2024 மே மாதம் அமீர் அந்த அவையை மறுபடி முடக்கியபோது, அங்கேயே முகாமிட்டிருக்கும் அமெரிக்கப் படையால் அதற்கு எந்த உதவியும் இல்லை.

தலையீடு இல்லாவிட்டால் எல்லாம் தானாக நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. துனீசியாவில் 2011 ஜனவரி 14ஆம் தேதி பென் அலி ஓடியபோது எந்த வெளிநாட்டுப் படையும் உள்ளே வரவில்லை. தொழிற்சங்கக் கூட்டமைப்பும் வழக்கறிஞர்களும் கட்சிகளை ஒரே மேசையில் உட்கார வைத்தார்கள். 2014இல் நல்லதோர் அரசமைப்பு பிறந்தது. 2021 ஜூலையில் அதிபர் கைஸ் சயீத் நாடாளுமன்றத்தை முடக்கி அதைச் சிதைத்தார். ஆனாலும் அந்தப் பத்தாண்டில் துனீசியர்கள் எட்டிய தூரத்தைப் படையெடுப்புக்கு உள்ளான எந்த அரபு நாடும் எட்டவில்லை.

இப்போது எல்லோருடைய கண்ணும் சிரியாவில் இருக்கிறது. 2024 டிசம்பர் 8ஆம் தேதி அசாத் ஆட்சி வீழ்ந்தது. ரஷ்யாவும் ஈரானும் பல ஆண்டுகள் முட்டுக் கொடுத்து நிறுத்திய ஆட்சி அது. 2025 மார்ச்சில் வெளியான இடைக்கால அரசமைப்பு, ஐந்தாண்டு மாற்றக் காலத்தை அறிவித்தது. அக்டோபரில் தேர்வு நடந்த மக்கள் அவையில் மூன்றில் இரண்டு பங்கினரைத் தேர்வுக் குழுக்கள் தேர்ந்தெடுப்பதாகவும், மீதியை இடைக்கால அதிபர் அல் ஷரா நியமிப்பதாகவும் ஏற்பாடு. துரூஸ் மக்கள் வாழும் ஸ்வைதாவிலும் குர்துப் படைகளின் பிடியில் இருந்த வடகிழக்குப் பகுதிகளிலும் அந்தத் தேர்வு தள்ளிவைக்கப்பட்டது. அந்த நாட்களில் வடக்கே துருக்கிப் படை, தெற்கே இஸ்ரேல், கிழக்கே அமெரிக்கர்கள், கடலோரத்தில் ரஷ்யத் தளங்கள் இருந்தன. சிரியச் செய்திகளைப் படிக்கும்போது எந்த நாடு யாரை ஆதரிக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் மூன்று விஷயங்களையும் தேடிப் பாருங்கள். படைவீரர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? ஸ்வைதாவுக்கும் வடகிழக்குக்கும் அவையில் எப்போது, எப்படி இடம் கிடைக்கிறது? ஐந்தாண்டு முடியும்போது ஆட்சியில் இருப்பவரை எதிர்த்து ஒருவர் அச்சமின்றிப் போட்டியிட முடிகிறதா?